கையை மறைக்க மறந்த கருணை

ஏற்காட்டில் ஒரு ஆள் காணாமல் போனால் முதலில் ஏரியில் தேடுவார்கள். அங்கே இல்லையென்றால் லாட்ஜ் லாட்ஜாகத் தேடுவார்கள். இரண்டிலும் அகப்படாவிட்டால்தான் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி மாடியில் இருக்கும் பழனியம்மாளின் நினைப்பு வரும். முப்பது வருடம் போலீசில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்ற அந்த அம்மாள், மாடியில் ஒரு மேசையும் 'துப்பறியும் சேவை' என்று ஒரு பலகையும் போட்டு உட்கார்ந்து மூன்று வருடமாகிறது. இதுவரை கண்டுபிடித்துக் கொடுத்ததில் பாதி நாய்க்குட்டிகள்.

அன்றைக்கு வந்தவள் ஏரிப் பக்கமே போகவில்லை. நேரே மாடியேறினாள்.

"ஏட்டம்மா, எங்கூட்டுல இருந்த மௌசுமியக் காணோமுங்க."

"யாரு தூக்கிட்டுப் போனது?"

"நல்லவங்கதானுங்க," என்றாள் பாப்பாத்தி. "கெட்டவன் தூக்கிட்டுப் போயிருந்தா நானே போயிப் புடுங்கிட்டு வந்திருப்பனே."

அந்த நல்லவர்களின் பெயர் புனர்ஜோதி அறக்கட்டளை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இரண்டு வேன், நான்கு போலீஸ், ஒரு கேமரா சகிதம் வந்து, பாப்பாத்தியும் மௌசுமியும் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவை உடைத்து மௌசுமியை மீட்டுப் போனார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் திறந்த கதவைச் சாத்திவிட்டு உடைத்தால்தான் வீடியோவுக்கு நன்றாக இருக்கும்.

பாப்பாத்தி அன்று சேலத்தில் பாலியல் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் அதுதான் தொழில் என்பதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மௌசுமி மேற்கு வங்காளத்துக்காரி, இருபத்தொன்பது வயது. சேலத்துக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டவள் என்பதால் மனிதர், பூனை, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ங்க' போடுவாள். விசாரணை முடியும்வரை அவளைப் புனர்ஜோதி விடுதியில் வைக்கும்படி மாஜிஸ்திரேட் சொல்லியிருந்தார்.

"நாளைக்குப் பத்தரைக்குச் சேலம் கோர்ட்டுல ரிப்போர்ட் குடுக்கறாங்களாம். பொண்ணு சம்மதத்தோட புருசன் ஊட்டுக்கு அனுப்பி வெச்சாச்சுன்னு. அதோட கேஸ் கட்ட மூடிருவாங்க. அப்பறம் அவ எங்கிருக்கான்னு கேக்க நாதி இருக்காதுங்க."

"நெசமாவே போயிருந்தா?"

"புருசன் ஊட்டுக்கா?" பாப்பாத்தி சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "2019-லயும் இப்படித்தான் யாரோ மீட்டு, அவன்கிட்டயே அனுப்பி வெச்சாங்க. ஒரே மாசத்துல எடது மணிக்கட்ட ஒடச்சுப்போட்டான். எலும்பு கோணலா ஒட்டிக்கிச்சு. தப்பிச்சு வந்தவ, இனி அந்தப் பக்கம் தலவெச்சும் படுக்க மாட்டேன்னு சொன்னா. நொம்ப வைராக்கியக்காரிங்க."

பாப்பாத்தி போனை நீட்டினாள். புனர்ஜோதியின் பேஸ்புக் பக்கம். முந்தின நாள் எடுத்ததாகத் தேதி போட்ட படம். ஒரு பெண் புதுச் சேலையில் நிற்கிறாள். முகத்தின் மேல் பெரிய தாமரைப் பூ ஒட்டியிருக்கிறது. இரண்டு கைகளையும் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டுகிறாள். கீழே: 'விரிந்த கைகள், விடுதலையின் சிறகுகள்! சகோதரி தன் இல்லம் திரும்புகிறார்.' ஆயிரத்துச் சொச்சம் பேர் நெஞ்சு உருகி இதயம் போட்டிருந்தார்கள்.

"தாமரப் பூவுக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரியே இருக்குதுங்க," என்றான் டோமினிக்.

டோமினிக் சொந்தமாக ஜீப் வைத்திருப்பவன், நாற்பத்திரண்டு வயது, வாழவந்தி எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன். சுற்றுலாப் பயணிகள் வராத நாட்களில் பழனியம்மாளுக்கு உதவியாளன். சம்பளம் கேட்க மாட்டான், வாயையும் மூட மாட்டான். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று பழனியம்மாள் நினைத்துக்கொள்வாள்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இடது மணிக்கட்டு கோணல். ஆள் மௌசுமிதான், சந்தேகமில்லை. ஆனால் விரல்கள்? பத்து விரலும் கரி பூசிய மாதிரி கறுப்பு. கட்டைவிரல் நகம் ஓரமாகப் பிய்ந்திருந்தது.

"விடுதியில என்ன வேலை குடுக்கறாங்க?"

"தையலு, மெழுகுவத்தின்னு போர்டு போட்டிருக்குதுங்க."

"மெழுகுவத்தி செய்யற கை வெள்ளையாவுல்ல இருக்கோணும். டோமினிக்கு, இதப் பாரு."

பார்த்தவன் போனை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். "அக்கா, இது எங்கம்மா கை," என்றான். "காப்பிப் பழம் பறிச்சா அதோட பிசினு ஒட்டி, மண்ணு சேந்து இப்படித்தான் கறுத்துப்போவும். நகம் பிஞ்சிருக்கு பாருங்க, புதுசாப் பறிக்கறவங்களுக்குத்தான் அப்படி ஆவும். பழத்தத் திருகத் தெரியாம புடுங்குவாங்க."

"அப்ப ஏதோ ஒரு எஸ்டேட்டுல இருக்கா."

"அங்கதான் இடிக்குதுங்க. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா இந்தக் கற நாலு நாள்ல போயிரும். படம் நேத்து எடுத்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி இன்னிக்கு ஆறு நாளாச்சு. காப்புக் கட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் மலையில ஒருத்தரும் பழத்துல கை வெக்க மாட்டாங்க. அந்தோணியாரக் கும்பிடற எங்கூட்லயே வெக்க மாட்டோம். சாமி வேறன்னாலும் லீவு ஒண்ணுதானுங்களே."

யாரும் பழம் பறிக்காத வாரத்தில் ஒருத்தியின் கையில் மட்டும் புதுக் கறை. பழனியம்மாள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

---

புனர்ஜோதி அலுவலகம் ஏரி பார்த்த மாதிரி இருந்தது. அடிமைத்தனத்தை ஒழிப்பவர்களுக்கு ஒரு நல்ல காட்சி வேண்டாமா? வரவேற்பறைச் சுவர் முழுக்கத் தாமரைப் பூ முகங்கள். மேலே தங்க எழுத்தில்: 'மீட்கப்பட்டோர் 214.'

பாப்பாத்தி ஒவ்வொரு படமாக விரல் வைத்துக்கொண்டே போனாள். "இது நானுங்க. இதுவும் நானுங்க. அந்த மூணாவதும் நாந்தான், சேலைய மட்டும் மாத்திக் கட்டச் சொன்னாங்க."

"எண்ணிக்கை முக்கியமில்லீங்க மேடம், தாக்கம்தான் முக்கியம்," என்றாள் விளம்பரப் பொறுப்பாளர் தீபிகா. இருபத்தைந்து வயது, சுத்தமான கதர்க் குர்த்தா. பாவம், கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை. அவளுடைய வேலை படம் போடுவது. படத்துக்கு வெளியே இருப்பதைப் பார்ப்பது அவள் வேலையில் இல்லை.

"மௌசுமிய யாரு கண்ணு ரயிலேத்தி விட்டது?"

"கந்தசாமி அய்யாவே ஏத்திவிட்டாருங்க. அவருதான் எங்க நிறுவனர்."

"நீ கூடப் போனியா?"

"இல்லீங்க மேடம், நான் போட்டோ மட்டுந்தான்."

"அந்தப் போட்டோ நொம்ப அழகா இருக்குது கண்ணு. கைய விரிக்கச் சொன்னது உன்ற யோசனையா?"

தீபிகாவின் முகம் மலர்ந்தது. "நான் கும்புடத்தான் சொன்னேங்க மேடம். அவங்கதான் கும்புட மாட்டேன்னு கைய விரிச்சுக் காட்டினாங்க. மூணு டேக் எடுத்தும் அப்படியேதான். சரி, சிறகு மாதிரி இருக்குதேன்னு விட்டுட்டேன்."

"மருதாணி வெச்சிருந்தாளோ, வெரலு கறுத்திருந்துச்சு?"

"அது ஏதோ பயிற்சியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "தையல் பயிற்சியில, மெஷின் எண்ணெய்ங்க மேடம்."

வெளியே வந்ததும் டோமினிக் ஜீப்பைக் கிளப்பினான். "அந்த மெஷினுக்கு எண்ணெய் ஊத்தினது லாரி டிரைவராத்தான் இருக்கோணும். எங்க போறதுங்க, மலையில எஸ்டேட்டு எத்தன இருக்கு தெரியுமா?"

"பழம் பறிச்சா அத அன்னன்னிக்கே அரைக்கோணுமா, போட்டு வெக்கலாமா?"

"அன்னன்னிக்கே தோலு உரிச்சாவோணும். வெச்சா புளிச்சுப் போயிரும். அதுக்குத்தான் பல்ப்பர்னு மிஷின் ஓட்டறது. ஓட்டுனா கழிவுத் தண்ணி ஓடையில வந்து, ஊரே..." டோமினிக் பிரேக்கை மிதித்தான். "அக்கா! மொத்த மலையும் பூட்டிக் கெடக்கற வாரத்துல எந்த ஓட நாறுதுன்னு பாத்தாப் போதுமுங்களே!"

"இதச் சொல்ல உனக்கு ரெண்டு கிலோமீட்டர் ஆச்சு," என்றாள் பழனியம்மாள். "வண்டிய எடு."

---

வாழவந்திப் பக்கம் நோம்பிக் களை கட்டியிருந்தது. வேப்பிலைத் தோரணம், மைக் செட், கையில் மஞ்சள் கயிறு கட்டிய எஸ்டேட் ஜனம் முழுக்கக் கோயிலில். முதல் இரண்டு ஓடைகள் பளிங்கு மாதிரி ஓடின. மூன்றாவது பாலத்தில் டோமினிக் இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டான். தண்ணீர் பழுப்பாக, பழத்தோல் மிதக்க, புளித்த நாற்றத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல கல்லூத்து எஸ்டேட்டுங்க. கூலி சரியாக் குடுக்கறதில்லன்னு ரெண்டு வருசமா எங்க ஆளுக யாரும் அங்க போறதில்ல. அப்படிப்பட்ட எடத்துல நோம்பி வாரத்துல ஆளு வேலை செய்யுதுன்னா, ஒண்ணு பேயி, இல்லாட்டி..."

"வெளியூர்க்காரி," என்று முடித்தாள் பாப்பாத்தி.

எஸ்டேட் கேட்டில் 'புனர்ஜோதி திறன் வளர்ப்பு முகாம்' என்று பேனர் தொங்கியது. வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினான். உள்ளே விடக் கூடாது, அனுமதி வேண்டும், ஐயாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று அடுக்கினான்.

"அம்மா பெங்களூர்லருந்து வந்திருக்காங்க. நன்கொட குடுக்கறவங்க," என்றான் டோமினிக்.

கேட் அகலத் திறந்தது. வாட்ச்மேன் சல்யூட்டும் அடித்தான். வாரண்டுக்குத் திறக்காத கதவுகளைப் பழனியம்மாள் தன் சர்வீசில் நிறையப் பார்த்திருக்கிறாள், நன்கொடைக்குத் திறக்காத கதவை ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

சில்வர் ஓக் மர நிழலில் ஒன்பது பெண்கள் இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே 'உழைப்பே மறுவாழ்வு' என்று இன்னொரு பேனர். கூலி உண்டா என்று பழனியம்மாள் முதல் பெண்ணிடம் விசாரித்தாள். பயிற்சிக்குக் கூலி கிடையாதாம். போனும் ஆதார் அட்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். லாட்ஜில் இருந்தபோது அந்தப் பெண் தன் அறையின் சாவியைத் தானே வைத்திருந்தாள். இங்கே ராத்திரி வெளியே பூட்டுகிறார்கள். யாரோ கடத்திவிடக் கூடாதே என்ற அக்கறை.

கடைசி வரிசையில் இருந்தவளைப் பாப்பாத்தி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மௌசுமி அழவில்லை. "வந்துட்டீங்களாங்க அக்கா," என்று மட்டும் நான்கைந்து தடவை சொன்னாள்.

பழனியம்மாள் கிட்டே போய், தன் பழைய கனிவுக் குரலை எடுத்தாள். "கண்ணு, பயப்படாத. உன்னைய மீட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கோம்."

மௌசுமி ஒரு அடி பின்னால் போனாள். "ஐயோங்க! மறுக்காவாங்க?"

டோமினிக் குனிந்து சிரிப்பை விழுங்கினான். பிறகு தன் பெருமையைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதால் ஆரம்பித்தான். "எப்படிக் கண்டுபுடிச்சோம் தெரியுமா? மூஞ்சிய மறச்ச அந்தப் புத்திசாலிங்க கைய மறைக்க மறந்துட்டாங்க!"

"அவங்க மறக்கலீங்க," என்றாள் மௌசுமி. "மூஞ்சிக்குப் பூ ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியுங்க. எல்லா போட்டோவும் அப்படித்தானுங்க. பாப்பாத்தி அக்கா தெனமும் அந்தப் பேஜுல போயித் திட்டிக் கமெண்ட் போடுமுங்க. அது பாக்கும்னு தெரியுங்க. அதான் கும்புட மாட்டேன்னு கைய நீட்டுனேங்க. இந்த வாரம் யாரும் பறிக்க மாட்டாங்கன்னு கீழ மைக்குல சத்தம் வரும்போதே வாட்ச்மேன் சொன்னாருங்க. கறையப் பாத்தா மலைக்காரங்களுக்குப் புரியும்னு நெனச்சேங்க."

இத்தனை நேரம் துப்பு என்று அவர்கள் தலையில் வைத்துக் கூத்தாடியது, இவள் எழுதிப் போட்ட கடிதம். தபால்காரனுக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று பழனியம்மாளுக்குத் தோன்றியது.

மௌசுமி அவளையே உற்றுப் பார்த்தாள். "நீங்க ஏட்டம்மாதானுங்களே?"

"ஆமா கண்ணு."

"2019-ங்க. சேலம் புது பஸ் ஸ்டாண்டு லாட்ஜுங்க. நீங்கதானுங்க வந்தீங்க. ஸ்டேஷன்ல எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க. நல்ல டீங்க. அப்பறம் ஏதோ எழுதுனீங்க. நான் போக மாட்டேன், அவன் அடிப்பான்னு சொன்னேங்க. நீங்க எழுதிட்டே இருந்தீங்க."

பழனியம்மாளுக்கு இந்த முகம் நினைவில்லை. டீ நினைவில்லை. எழுதியது மட்டும் நினைவிருந்தது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே மூன்று வரிதான். 'மேற்படி பெண் மீட்கப்பட்டார். சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை. கணவர் வசம் ஒப்படைக்கலாம்.' மேலதிகாரி ஒரு தடவை சொல்ல, அவள் முந்நூறு தடவை எழுதினாள். பெயர் மட்டும் மாறும். அந்தக் கோணல் மணிக்கட்டைக் காலையில் படத்தில் எவ்வளவு சாமர்த்தியமாக அடையாளம் கண்டுபிடித்தாள்! அது கோணலாகும்படி அனுப்பிவைத்தவளே அவள்தான். அவமானத்தில் காது சுட்டது.

அப்போது கேட்டில் ஹாரன் அடித்தது.

நிறுவனர் கந்தசாமி வெள்ளைக் காரிலிருந்து வெள்ளை வேட்டியோடு இறங்கினார். நன்கொடையாளர் என்று ஓடி வந்தவர், பாப்பாத்தியைப் பார்த்ததும் நின்றார். டோமினிக் ஜீப்பின் பின் கதவைத் திறந்து பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏறட்டும், ஏறட்டும்," என்றார் கந்தசாமி நிதானமாக. "வெளி மாநிலப் பொண்ணுங்க ஒம்பது பேரு, ஒரு தனியார் ஜீப்பு, ஒரு புரோக்கரம்மா. ஆள் கடத்தல் கேஸுக்கு வேற என்னங்க வேணும்? நானே போலீசக் கூப்புடறேன்." கூப்பிட்டார். மறுமுனையில் மேளச் சத்தத்துக்கு நடுவே யாரோ நோம்பி பந்தோபஸ்து, சாயந்தரம் வருகிறோம் என்று கத்தினார்கள்.

மௌசுமி இடுப்புக் கூடையை அவிழ்த்து அவர் காலடியில் வைத்தாள். "ஜீப்பு வேண்டாங்க. நடக்கறோங்க."

"எங்க போவ?"

"ஒண்டிக்கடைங்க. அங்கிருந்து பஸ்ஸுங்க. நாளைக்குப் பத்தரைக்குக் கோர்ட்டுன்னு அக்கா சொல்லுச்சுங்க. நான் புருசன் ஊட்டுல இல்லைன்னு சொல்ல நான்தானுங்களே வரோணும்?"

ஒன்பது பேரும் ஆபீஸ் அறைக்குள் நுழைந்து தங்கள் போன்களையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து நடக்க ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் மறுபடியும் சல்யூட் அடித்தான். "வயசு வந்த பொம்பளைய அவ இஷ்டமில்லாம அடச்சு வெக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சுங்க," என்று பாப்பாத்தி போகிற போக்கில் கந்தசாமிக்குச் சட்ட வகுப்பு எடுத்தாள். டோமினிக் காலி ஜீப்பைப் பின்னாலேயே உருட்டினான். "காலி வண்டியக் கடத்தினா கேஸ் இல்லீங்களே?"

கேட்டைத் தாண்டியதும் கந்தசாமி பழனியம்மாளை மட்டும் தொட்டு நிறுத்தினார். போனில், மௌசுமியின் 2019 கேஸ் கட்டிலிருந்து எடுத்த ஒரு பழைய காகிதத்தின் படம்.

"கோர்ட்டுக்கு வரட்டுமுங்க ஏட்டம்மா. நானும் இதத்தான் குடுக்கப் போறேன். 'சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை.' கீழ யாரு கையெழுத்து பாருங்க. போலீஸே எழுதினத விட்டுப்போட்டு இவ பேச்சையா நம்புவாங்க?"

நடந்துகொண்டிருந்த ஒன்பது பேரும் நின்றார்கள். மௌசுமி திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு காகிதம் போதும், அவளை மறுபடியும் ரயிலேற்ற.

"அது பொய்ங்க," என்றாள் பழனியம்மாள்.

"என்ன?"

"நான் எழுதினது பொய். இவளுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அதேதான் எழுதினேன். நாளைக்கு வந்து அதையே சொல்றேன்."

"பொய் ரிப்போர்ட் எழுதினேன்னு நீங்களே சொல்லுவீங்களா? பென்ஷன் இருக்குமா, யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்," என்றாள்.

கந்தசாமி சிரித்தார். விடிந்தால் மனசு மாறிவிடும் என்ற சிரிப்பு. மௌசுமியும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். நேரே பழனியம்மாளிடம் வந்தாள்.

"நாளைக்கு வேண்டாங்க. இப்பவே எழுதிக் குடுங்க."

டோமினிக் ஜீப்பிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தான். பழனியம்மாள் காகிதத்தைப் பானெட்டின் மேல் வைத்து எழுதினாள். முந்நூறு தடவை மூன்றே வரியில் முடித்தவளுக்கு இந்த ஒரு தடவை ஒரு பக்கம் ஆனது. முடித்ததும் டோமினிக் உரக்கப் படித்தான். "2019-ஆம் ஆண்டு சேலத்தில் ஒரு லாட்ஜில் மௌசுமி என்பவரை நான் மீட்டேன். அவர் தன் கணவரிடம் போக மறுத்தார். நான் அதை எழுதாமல்..."

"நில்லுங்க," என்றாள் மௌசுமி. "மீட்டேன்னு போடாதீங்க. புடிச்சேன்னு போடுங்க."

பழனியம்மாள் அந்த வார்த்தையை அடித்தாள். மேலே 'பிடித்தேன்' என்று எழுதினாள்.

"அடிச்ச எடத்துல ஒரு சின்னக் கையெழுத்து போடுங்க ஏட்டம்மா," என்றாள் மௌசுமி. "கோர்ட்டுல கேப்பாங்க."